கை எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது?

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. விரல் அப்போது எங்கே இருந்தது, மூக்கு எவ்வளவு தொலைவு, முழங்கையை எவ்வளவு மடக்க வேண்டும் என்று நீங்கள் எதையும் யோசிக்கவில்லை. தொட நினைத்தீர்கள், தொட்டுவிட்டீர்கள். இடையில் நடந்தது எதுவும் உங்கள் கவனத்துக்கு வரவில்லை.

1971இல் பிரிட்டனைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு இந்தச் சாதாரணக் காரியம் முடியாமல் போயிற்று. ஆய்வுக் கட்டுரைகள் அவரைப் பெயரின் முதலெழுத்துகளால் ஐ.டபிள்யூ. என்று குறிப்பிடுகின்றன. வைரஸ் தொற்று போன்ற ஒன்று வந்து போனபின், கழுத்துக்குக் கீழே அவருக்கு உடலே இல்லாததுபோல் ஆகிவிட்டது. இது பக்கவாதம் அன்று. தசைகளை இயக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. சூடு தெரிந்தது, குளிர் தெரிந்தது, வலி தெரிந்தது. தொடு உணர்வும், கைகால் எந்த நிலையில் இருக்கின்றன என்று உள்ளிருந்தே நமக்குத் தெரிவிக்கும் உணர்வும் மட்டும் அழிந்துவிட்டன. இந்த இரண்டாவது உணர்வை மருத்துவர்கள் புரொப்ரியோசெப்ஷன் என்பார்கள். அது இல்லாததால் கையைத் தூக்க நினைத்தால் கை எங்கோ போகும். எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

அவர் விடவில்லை. பல மாதங்கள் போராடி, ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து, மனத்தால் கட்டளையிட்டு, உட்காரவும் எழுந்து நடக்கவும் கற்றுக்கொண்டார். நடக்கும்போது அவர் கண் எப்போதும் உடலின் மேல் இருக்க வேண்டும். அறையில் விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் ஜோனதன் கோல் இவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த ஆய்வில் கோலோடு சேர்ந்துகொண்டவர்களில் ஒருவர் அமெரிக்கரான ஷான் கேலகர். கேலகர் மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. தத்துவம் படித்தவர், அதிலும் நிகழ்வியல் என்ற பிரிவில் ஊறியவர். நரம்பு நோயாளியிடம் தத்துவவாதிக்கு என்ன வேலை என்ற கேள்வியிலிருந்தே, நிகழ்வியலும் மனத்தை ஆராயும் அறிவியலும் சந்திக்கும் இந்தத் துறையைப் புரிந்துகொள்ளத் தொடங்கலாம்.

நிகழ்வியல் என்பது என்ன?

ஃபினாமினாலஜி என்பதைத் தமிழில் நிகழ்வியல் என்கிறார்கள், தோற்றப்பாட்டியல் என்றும் சொல்வார்கள். இரண்டு சொல்லுமே கொஞ்சம் மிரட்டும். விஷயம் அவ்வளவு மிரட்டாது. உலகம் நமக்கு எப்படி அனுபவமாகிறது என்பதை, முன்கூட்டிய விளக்கம் எதையும் சேர்க்காமல், உள்ளது உள்ளபடி விவரிக்கும் முயற்சி அது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மன் மொழியில் எழுதிய எட்மண்ட் ஹுஸர்ல் இதற்கு அடித்தளம் போட்டார். ‘இது மூளையில் எப்படி நடக்கிறது’, ‘இந்தப் பொருள் உண்மையிலேயே வெளியில் இருக்கிறதா’ போன்ற கேள்விகளைச் சற்று நேரம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள், அனுபவத்தின் அமைப்பை மட்டும் பாருங்கள் என்பது அவர் வழி.

ஒரு சொல்லைக் கேட்பதையே எடுத்துக்கொள்வோம். யாரோ பேசுகிறார், ‘வந்தா…’ வரைக்கும் காதில் விழுந்திருக்கிறது. இந்தக் கணத்தில் ஒலிப்பது ‘தா’ மட்டுமே. ‘வ’ ஒலித்து அடங்கிவிட்டது, ஆனாலும் அது தொலைந்துபோகவில்லை. இந்தக் கணத்தின் விளிம்பில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் ‘தா’ என்று தனி எழுத்துதான் கேட்டிருக்கும். இன்னொரு பக்கம், அடுத்து ‘ன்’ வருமா, ‘ள்’ வருமா, ‘ர்’ வருமா என்று காது ஏற்கெனவே முன்னே சாய்ந்து நிற்கிறது. அங்கே ‘க்’ வந்தால் திடுக்கிடுவோம். எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரியும். ஆகவே ‘இப்போது’ என்பது ஒரு புள்ளியாக இல்லை. கடந்ததன் வாலும் வரப்போவதன் முகப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஹுஸர்ல் 1905இல் நடத்திய கால உணர்வு பற்றிய விரிவுரைகளின் மையக் கருத்து ஏறக்குறைய இதுதான். அவர் பெரும்பாலும் இசையைக் காட்டி விளக்கினார். நமக்கு வினைமுற்று விகுதியே போதும்.

இது டைரி எழுதுவதைப் போன்றதன்று என்பதைக் கவனியுங்கள். ‘எனக்கு அந்தச் சொல் பிடித்தது, பழைய நினைவு வந்தது’ என்று சொன்னால் அது என் சொந்தக் கதை. ‘எந்த ஒலியைக் கேட்டாலும் இந்த மூன்று அடுக்கு இருக்கும்’ என்று சொன்னால் அது யாரும் தன்னிடமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கூற்று. நிகழ்வியலாளர்கள் தேடுவது இரண்டாவதை.

எதிர்முகாம்

மனம் எப்படி அறிகிறது என்று ஆராயும் அறிதல் அறிவியல் (காக்னிட்டிவ் சயின்ஸ்) பிறந்த சூழல் முற்றிலும் வேறு. 1950களின் நடுவில் உளவியல், மொழியியல், கணினியியல் எல்லாம் கைகோர்த்தபோது அவற்றை இணைத்த எண்ணம், மனம் ஒரு தகவல் செயலாக்கும் இயந்திரம் என்பது. உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, நடுவில் என்ன கணக்கு நடக்கிறது? அனுபவம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சில உளவியல் கூடங்கள் ஆட்களைத் தங்கள் மனத்துக்குள் பார்த்துச் சொல்ல வைத்திருந்தன. ஒரு கூடத்து ஆட்கள் கண்டதை இன்னொரு கூடத்து ஆட்கள் காணவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்கு வழியே இல்லாமல் அந்த முயற்சி சீரழிந்தது.

இரு முகாம்களும் முதலில் சந்தித்தது சண்டையில். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹ்யூபர்ட் டிரைஃபஸ், செயற்கை நுண்ணறிவு ஆர்வலர்கள் மனித அறிவை விதிகளின் தொகுப்பாக நினைப்பது தவறு என்று 1965 முதலே எழுதினார். ஓர் அறைக்குள் நுழையும்போது எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நாம் விதி பார்த்து முடிவு செய்வதில்லை, உடலோடு உலகில் பழகியே தெரிந்துகொள்கிறோம் என்றார். இதை அவர் கற்றது ஹைடெக்கர், மெர்லோ-போந்தி ஆகிய நிகழ்வியலாளர்களிடம். 1967இல் ஒரு கணினி நிரல் சதுரங்கத்தில் அவரையே தோற்கடித்தது, எதிராளிகள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அவருடைய வாதத்தின் சாரம் சதுரங்கத்தைப் பற்றியது இல்லை என்பது அந்த மகிழ்ச்சியில் மறந்துபோயிற்று.

டிரைஃபஸ் வாசலில் நின்று குறை சொன்னவர் என்றால், கேலகர் உள்ளே போய் உட்கார்ந்தவர். அதனால்தான் அவரை இங்கே எடுத்துக்கொண்டேன்.

பிம்பமும் ஒழுங்கும்

1986இல் கேலகர் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்க்க முயன்றார். உளவியல், நரம்பியல் நூல்களில் ‘பாடி இமேஜ்’, ‘பாடி ஸ்கீமா’ என்ற இரண்டையும் ஆளுக்கு ஒரு விதமாகக் கலந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டையும் பிரித்தார். முதலாவதை உடல் பிம்பம் எனலாம். இரண்டாவதற்கு நிலைபெற்ற தமிழ்ச் சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. உடல் ஒழுங்கு என்று இங்கே வைத்துக்கொள்கிறேன்.

உடல் பிம்பம் என்பது நம் உடலைப் பற்றி நமக்கு இருக்கும் காட்சி, எண்ணம், மனப்பான்மை. ‘எனக்கு உயரம் குறைவு’, ‘என் கை நடுங்குகிறது’ என்பவை அதில் சேரும். இங்கே உடல் கவனத்துக்குரிய பொருளாக நிற்கிறது. உடல் ஒழுங்கு என்பது, நாம் கவனிக்காமலே நம்மை நிற்க வைத்து, நடக்க வைத்து, விரலை மூக்குக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. அது வேலை செய்யும்போது உடல் கவனத்திலிருந்து மறைந்துவிடும். நீங்கள் இதைப் படிக்கும்போது கண்விழி வரிக்கு வரி தாவுகிறதே, அதைச் சொல்லும்வரை அது உங்கள் உலகத்தில் இருந்ததா?

இந்த வேறுபாடு அனுபவத்தை உற்றுப் பார்த்து வந்தது. இதன் வேர் மெர்லோ-போந்தியிடம் இருக்கிறது. 1945இல் வெளியான தன் பெருநூலில் அவர், முதல் உலகப் போரில் தலையில் காயம்பட்ட ஷ்னைடர் என்பவரின் மருத்துவக் குறிப்புகளை அலசினார். கொசு கடித்த இடத்துக்கு ஷ்னைடரின் கை தானாகப் போகும். ‘உன் மூக்கைச் சுட்டிக்காட்டு’ என்று கட்டளையிட்டால் திணறுவார். ஒரே கை, ஒரே மூக்கு, ஆனால் உடல் தானாகச் செய்வதும் சொன்னபடி செய்வதும் வெவ்வேறு.

ஐ.டபிள்யூ. இதற்கு எதிர்ப்பக்கம். கேலகரும் கோலும் 1995இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் சொன்னது இது: இவருக்கு உடல் ஒழுங்கு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது, அதன் வேலையை உடல் பிம்பத்தை வைத்தே ஈடுகட்டுகிறார். நமக்குத் தானாக நடப்பதை அவர் ஒவ்வொரு முறையும் பார்த்து, எண்ணி, செய்கிறார். காகிதத்தில் பிரித்துக் காட்டிய இரண்டும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் உண்மையாகவே பிரிந்து கிடந்தன.

இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது அடுத்து வருவதுதான். ஐ.டபிள்யூ. பேசும்போது கை அசைத்துப் பேசுவார். கவனித்துக் கவனித்துக் கற்றுக்கொண்ட அசைவுகளில் அதுவும் ஒன்று என்றுதான் தோன்றும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சைகைகளை ஆராய்ந்த டேவிட் மெக்நீலுடன் சேர்ந்து கோலும் கேலகரும் ஒரு சோதனை செய்தார்கள். ஐ.டபிள்யூ.வின் கைகளை அவர் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பால் மறைத்துவிட்டு, பார்த்த கதை ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். கண்ணால் பார்க்காமல் இவரால் ஒரு பொருளைக் கையாள முடியாது. ஆகவே கை அடங்கிவிட வேண்டும் அல்லது தாறுமாறாக அலைய வேண்டும். அப்படி ஆகவில்லை. கைகள் பேச்சோடு சேர்ந்தே அசைந்தன, சொல் விழும் அதே கணத்தில் சைகையும் விழுந்தது. எங்கே அசைகிறது என்ற துல்லியம் கொஞ்சம் குறைந்தது, நேரப் பொருத்தம் குலையவில்லை.

ஒரு குவளையை எடுக்க முடியாத கை, ‘இவ்வளவு பெரியது’ என்று காட்ட முடிகிறது. இரண்டையும் ‘கை அசைவு’ என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே தோன்றியிருக்காது. சைகை, அசைவைவிட மொழிக்கே நெருங்கிய உறவு என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

‘நான் செய்கிறேன்’, ‘என்னுடையது’

2000இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் கேலகர் இன்னொரு கோடு கிழித்தார். மிகவும் எளிமையானது, ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ சோதனைகள் அந்தக் கோட்டின் மேல் நடந்திருக்கின்றன.

நீங்களே கையைத் தூக்கும்போது இரண்டு உணர்வுகள் சேர்ந்தே இருக்கும்: இதைச் செய்வது நான் என்பது ஒன்று, அசைவது என் கை என்பது மற்றொன்று. சாதாரணமாக இவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. யாராவது பின்னாலிருந்து உங்களைத் தள்ளிவிட்டால் பிரியும். தடுமாறி முன்னே போவது உங்கள் உடல்தான், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் நகரவில்லை, நகர்த்தப்பட்டீர்கள். நகர்ந்தேன், நகர்த்தப்பட்டேன் என்ற இரண்டு வினைமுற்றுகளுக்கு நடுவே இருப்பதுதான் அவர் கிழித்த கோடு.

அனுபவத்தில் பிரியும் என்றால் மூளையிலும் பிரியுமா? 2002இல் ஃபாரர், ஃபிரித் என்ற இரு ஆய்வாளர்கள், ஆட்களிடம் ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து, திரையில் வட்டம் ஒன்று நகர்வதைப் பார்க்க வைத்து, மூளையைப் படம்பிடித்தார்கள். சில சுற்றுகளில் வட்டத்தை நகர்த்துவது பங்கேற்பாளரே. சிலவற்றில் சோதனை நடத்துபவர். இரண்டிலும் பங்கேற்பாளர் கையை அசைத்துக்கொண்டே இருப்பார், ஆகவே ‘என் கை’ என்ற உணர்வு மாறாது. மாறுவது ‘நகர்த்துவது நானா’ என்பது மட்டும். நான்தான் என்று உணர்ந்தபோது மூளையின் இன்சுலா பகுதியின் முன்புறமும், வேறொருவர் என்று உணர்ந்தபோது பெரைட்டல் மடலின் கீழ்ப்புறமும் கூடுதலாகச் செயல்பட்டன.

இப்படி, அனுபவ விவரிப்பில் கிடைத்த வேறுபாட்டைச் சோதனையின் வடிவமைப்பிலேயே முதலில் ஏற்றிவிடுவதை கேலகர் தன் முறையாக முன்வைத்தார். பங்கேற்பாளர்களுக்கு ஹுஸர்லைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கேள்வியைக் கூர்மையாக்கியதோடு தத்துவவாதியின் வேலை முடிந்தது, மீதியைக் கருவிகள் பார்த்துக்கொள்ளும். சிலியில் பிறந்த உயிரியலாளர் ஃபிரான்சிஸ்கோ வரேலாவின் வழி இதற்கு நேர்மாறு. 1996இல் அவர் முன்மொழிந்த நரம்பு-நிகழ்வியலில், பங்கேற்பாளரே தன் அனுபவத்தைக் கவனித்துச் சொல்லப் பயிற்சி பெற வேண்டும். அவர் சொல்வதையும் மூளை அலைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அழகான திட்டம்தான், ஆனால் உழைப்பு மிகுதி. வரேலாவின் குழுவினர் 2002இல் வெளியிட்ட பெயர்பெற்ற சோதனையில் பங்கேற்றவர்கள் 4 பேர் மட்டுமே. பெரிய அளவில் செய்வதற்கு கேலகரின் வழியே தோது என்பது என் எண்ணம்.

‘என்னுடையது’ மட்டும் தனியே வரவழைக்கும் சோதனையும் உண்டு. உங்கள் கையை மறைத்துவிட்டு, முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். சற்று நேரத்தில் வருடல் அந்த ரப்பர் கையிலேயே உணரப்படும். 1998இல் வெளியான இந்தச் சோதனையில் பங்கேற்பாளர் எதையும் செய்வதில்லை. செய்யாமலே ஒரு பொம்மைக் கை ‘என் கை’ ஆகிவிடுகிறது.

எண்ணத்தை யார் எண்ணுகிறார்?

நம்மை நாமே கூச்சம் காட்டிக்கொள்ள முடியாது. கையை அசைக்க மூளை கட்டளை அனுப்பும்போது அதன் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, வரப்போகும் உணர்வை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணித்தபடி வருவது மங்கலாகிவிடுகிறது என்பது வழக்கமான விளக்கம். ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டு கிறிஸ் ஃபிரித் 1992இல் மனச்சிதைவு நோயின் சில அறிகுறிகளை விளக்க முயன்றார். ‘என் கையை வேறு யாரோ அசைக்கிறார்கள்’, ‘இந்த எண்ணம் என்னுடையது இல்லை, யாரோ என் தலைக்குள் வைத்தது’ என்று சில நோயாளிகள் சொல்வார்கள். கட்டளையின் நகல் சரியாகப் போய்ச்சேராததால் சொந்தச் செயலே அந்நியமாகத் தோன்றுகிறது என்றார் ஃபிரித்.

கைக்கு இது பொருந்தும். எண்ணத்துக்கு? கேலகர் இங்கேதான் மறித்தார். கையை அசைக்கும் முன் அசைக்கும் நோக்கம் இருக்கலாம். ஓர் எண்ணத்தை எண்ணும் முன், ‘இதை எண்ணப் போகிறேன்’ என்று நோக்கம் வைக்கிறோமா? வைத்தால் அந்த நோக்கமும் ஓர் எண்ணம்தானே, அதற்கு முன்னால் இன்னொரு நோக்கம் வேண்டுமே? எண்ணங்கள் பெரும்பாலும் கட்டளையிட்டு வருவதில்லை, வந்து நிற்கின்றன. கட்டளையே இல்லாத இடத்தில் எந்த நகலை எதோடு ஒப்பிடுவது?

அதற்குப் பதிலாக அவர் ஹுஸர்லின் ‘வந்தா…’வுக்குத் திரும்பினார் (உதாரணம் என்னுடையது, கருத்து அவருடையது). ஓர் எண்ணம் என்னிடமிருந்து வருவதாகத் தோன்றுவதற்கு, அது வருமுன்னே அதை நோக்கி நான் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அந்த முன்சாய்வு குலைந்தால் எண்ணம் திடீரென்று, ஏற்கெனவே முடிந்த நிலையில், எங்கிருந்தோ வந்து விழுந்ததுபோல இருக்கும். இது நிரூபிக்கப்பட்ட விளக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கோட்பாடு எங்கே இடறுகிறது என்பதை, எண்ணுவது எப்படி இருக்கிறது என்ற விவரிப்பே காட்டிக்கொடுத்தது.

இடறல் ஒரே பக்கத்தில் இல்லை. 2005இல் வந்த தன் நூலில் கேலகர், உடல் ஒழுங்கு பிறவியிலேயே இருக்கிறது என்று வாதிட்டார். ஐ.டபிள்யூ. போன்றவர்களிடம் எஞ்சியிருப்பதைப் புரிந்துகொள்ளவும் இது அவருக்குத் தேவைப்பட்டது. மெர்லோ-போந்தியின் காலத்தில் அது வளர வளர வருவது என்றே நினைத்தார்கள். கேலகருக்குச் சான்றாகக் கிடைத்தவை மெல்ட்ஸாஃப், மூர் என்ற இருவரின் சோதனைகள். பெரியவர் நாக்கை நீட்டினால் பச்சிளங்குழந்தையும் நீட்டுகிறது என்று 1977இல் அவர்கள் அறிவித்தார்கள். 1983இல் செய்த ஆய்வில் பங்கேற்ற குழந்தைகளில் ஒன்று பிறந்து 42 நிமிடமே ஆகியிருந்தது. தன் முகத்தையே பார்த்திராத குழந்தை இன்னொரு முகத்தின் அசைவைத் தன் முகத்தில் செய்கிறது என்றால், உடலுக்கு ஓர் உள் ஒழுங்கு முன்பே இருந்தாக வேண்டும்.

2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை முதல் 9 வாரங்களுக்குள் நான்கு முறை சோதித்த ஆய்வில் அப்படிப் பார்த்துச் செய்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. குழந்தைகள் நாக்கை நீட்டத்தான் செய்தன, பெரியவர் வேறு ஏதாவது செய்தபோதும் நீட்டின. மெல்ட்ஸாஃப் தரப்பு 2018இல் அதே தரவுகளை மறுபடி அலசி, குழந்தைகள் நாக்கைப் பார்த்துத்தான் நீட்டுகின்றன என்று பதில் சொன்னது. 2021இல் அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 336 முடிவுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் விளைவு இருப்பதாகவே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: குழந்தை பார்த்துச் செய்கிறதா இல்லையா என்பது, எந்த ஆய்வுக்குழு அதைச் சோதித்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது.